பழைய நூலும் அதன் விவரமும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருத்தலம் இரும்பை மாகாளம். ஏட்டில் எழுதப்பெற்றுப் பின்னர் அச்சேறிய பாடலால் புகழ் பெற்ற ஊரில், ஏட்டுக்கும் அச்சுக்கும் நேர்ந்த வாழ்வையும் தாழ்வையும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையதாகும். பழைய நூல்களை எவ்வாறு வாங்குவது, வாங்கியதை எவ்வாறு விவரித்து வைப்பது என்னும் இரண்டு வினாக்களே இவ்வுரையின் பொருள். இவை வணிகர்க்குரிய வினாக்கள் எனத் தோன்றலாம். ஆயினும் தமிழிலக்கிய வரலாற்றின் சான்றுகளில் பெரும்பகுதி இவ்விரு வினாக்களுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே நிற்கின்றது.

கோட்டையூரில் ஒரு தனிமனிதர்

இத்துறையில் முதற்கண் நினைக்கத்தக்கவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. 1907இல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகச் சென்னையில் தொழில் நடத்தியவர். அக்காலத்தில் பழைய புத்தகங்களுக்குப் பெயர்பெற்ற இடம் மூர் மார்க்கெட். அத்தகைய கடைகளில் ஈட்டிய பொருளைச் செலவிட்டு நூல்களை வாங்கத் தொடங்கினார். பின்னர்ச் சொந்த ஊர் திரும்பி, வீட்டையே நூலகமாக்கி, நாடி வந்த ஆய்வாளர்க்கெல்லாம் திறந்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபோது நூல்களும் இதழ்களும் பிறவுமாக ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் அவ்வீட்டில் இருந்தன.

அவருடைய தொகுப்பின் சிறப்பு எண்ணிக்கையில் மட்டும் அமைந்ததன்று. எதைச் சேர்க்கத்தக்கது எனக் கருதினார் என்பதில் அமைந்தது. காப்பியங்களின் பழம்பதிப்புகளோடு நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள், கடிதங்கள் ஆகியவற்றையும் அவர் பாதுகாத்தார். கற்றோர் பலர் குப்பை என ஒதுக்கியவை அவை. குஜிலிக் கடைப் பதிப்புகள் எனச் சென்னையில் வழங்கிய மலிவுப் பாட்டுப் புத்தகங்கள் சந்தையிலும் இரயிலடியிலும் காசுக்கு விற்கப்பட்டவை. கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, இரயில் விபத்துப் பாட்டு என அன்றாடச் செய்திகளைப் பாடியவை. இன்று மக்கள் வரலாற்றை எழுதுவோர்க்கு இவையே முதன்மைச் சான்றுகள் ஆகின்றன.

அவர் மறைவுக்குப் பின் தொகுப்பு சிதறும் நிலை எழுந்தது. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதனை விலைகொடுத்து வாங்கிற்று. வாங்கிய பல்கலைக்கழகம் நூல்களைக் கடல் கடத்திச் செல்லவில்லை. மொழி அறக்கட்டளையின் துணையோடு 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைக்கப்பட்டது. நூல்கள் நுண்படச்சுருளில் பதிவாயின. பட்டியல் முறைப்படி உருவாயிற்று. ஓர் ஓவியரின் வீட்டு அலமாரி உலக ஆய்வுலகின் உடைமையாயிற்று.

இவ்வரலாற்றில் மகிழ்ச்சியோடு ஓர் உறுத்தலும் உண்டு. ஒரு தமிழர் வாழ்நாள் முழுதும் தேடிச் சேர்த்த தமிழ் நூல்களை முழுமையாக ஏற்க முன்வந்தது பிற நாட்டுப் பல்கலைக்கழகமே. அஃது அவர்தம் பெருமை. அவ்வாறு முன்வர ஒருவரும் இல்லாமையால் எடைக்குப் போன வீட்டு நூலகங்கள் எத்தனையோ! அவற்றின் பெயரும் எஞ்சவில்லை.

நெருப்பும் பழைய தாள் கடையும்

நூல்கள் அழியும் வழிகள் பல. 1981 சூன் முதல் நாள் விடிவதற்குள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 97,000 நூல்கள் சாம்பலாயின. 1985 மே 30ஆம் நாள் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. பழைய புத்தகக் கடைகளும் அதனோடு எரிந்தன. இவை வரலாற்றில் இடம்பெற்ற நெருப்புகள். ஆண்டு குறிக்கப்படாத அழிவு பழைய தாள் கடையில் நிகழ்வது. புலவர் ஒருவர் மறைகின்றார். மக்கள் வெளியூரில் வாழ்கின்றனர். வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடி. அலமாரிகள் நான்கும் தராசில் ஏறுகின்றன. செய்தித்தாளுக்கும் சிறப்புப்பாயிரத்துக்கும் அங்கே ஒரே விலை.

பழைய நூல் வாங்குவோரின் முதற்கடமை இத்தராசுக்கு முன்னே சென்று நிற்பது. இரும்பைக்கு அணித்தாகப் புதுச்சேரிக் காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையிலும், திண்டிவனம், விழுப்புரம் நகரங்களின் பழைய தாள் கடைகளிலும் பொறுமையோடு தேடுவோர்க்கு வாய்ப்பு உண்டு. ஆயினும் கடைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் உடைந்த தொகுதி. முதற்பாகம் ஒரு மூட்டையில், இரண்டாம் பாகம் மற்றொரு மூட்டையில். வீட்டில் இருக்கும்போதே கேட்டு வாங்குவது நூலுக்கும் நன்று; கொடுப்போர்க்கும் மதிப்பு. மறைமலையடிகள் 1950இல் மறைந்தபின் அவர்தம் நூல்கள் சிதறாமல் காக்கப்பெற்று, 1958இல் மறைமலையடிகள் நூலகமாக மலர்ந்ததை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

வாங்குவோர் பின்பற்ற வேண்டிய அறமும் உண்டு. நூலகமொன்றின் முத்திரை காணப்படும் நூல், கழிக்கப்பட்டது என்னும் குறிப்பின்றி இருந்தால் அதனை வாங்காமல் உரிய இடத்துக்கு அறிவிப்பதே முறை. ஓலைச்சுவடிகளுக்குச் சட்டமும் வேலியிட்டுள்ளது. அறிவியல், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றின் நோக்கில் மதிப்புடைய, 75 ஆண்டுக்குக் குறையாத கையெழுத்துப் பிரதியும் ஆவணமும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின்படி தொல்பொருளே. உரிமமின்றி அவற்றை வணிகம் செய்தலும், தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புதலும் குற்றம். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவச் சுவடிகள் பேணப்படுகின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2005இல் இடம்பெற்றது. இப்பகுதியில் சுவடி வைத்திருப்போர்க்கு வழிகாட்டும் இடம் கூப்பிடு தொலைவிலேயே உள்ளது.

பழமை வேறு, அருமை வேறு என்பதும் நினைவிற்குரியது. பல்லாயிரம் படிகள் அச்சான பள்ளிப் பாடநூல் நூறாண்டு கடந்தும் எளிதில் கிடைக்கும். சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய ‘எழுத்து’ இதழின் முழுத்தொகுதி எளிதிற் கிட்டாது. கவிஞர் ஒருவர் கைப்பொருள் செலவிட்டு முந்நூறு படி அச்சிட்டு நண்பர்க்கு வழங்கிய சிறு நூல் அதனினும் அரிதாகலாம்.

விவரித்தல் என்னும் கலை

நூலை விவரித்தல் தமிழுக்குப் புதிதன்று. ஏடு எழுதியோர் இறுதியில் ஆண்டும் திங்களும் நாளும் குறித்து, எழுதியவர் பெயரையும் எழுதுவித்தவர் பெயரையும் பொறித்தனர். உ.வே. சாமிநாதையர் தம் பதிப்பு முன்னுரைகளில், தமக்குக் கிடைத்த ஏட்டுப் பிரதிகள் எவரிடமிருந்து வந்தன என்பதை நன்றியோடு எழுதி வைத்தார். 1887இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணியும், 1894இல் பதிப்பித்த புறநானூறும் பதிப்புக்கலைக்கு மட்டுமன்றி, பிரதியை விவரிக்கும் நேர்மைக்கும் இலக்கணமாக விளங்குகின்றன.

அச்சு நூல்களுக்கும் நல்ல முன்னோடிகள் உள்ளனர். ஜான் மர்டாக் 1865இல் தமிழ் அச்சு நூல்களின் பொருள்வாரிப் பட்டியலை வெளியிட்டார். 1867ஆம் ஆண்டுச் சட்டம், அச்சிட்டவர் பெயரும் இடமும் நூலில் இருக்க வேண்டும் என விதித்தது. அச்சட்டத்தின்படி அரசு காலாண்டுதோறும் வெளியிட்ட பட்டியல்களில் நூலின் பக்கம், அளவு, விலை, அச்சிட்ட படிகளின் எண்ணிக்கை ஆகியன பதிவாயின. பிரிட்டிஷ் மியூசியத்தின் தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் ஜி.யு. போப்பும் தொகுத்த பட்டியல் 1909இல் வெளிவந்தது. பிற்காலப் பதிப்பகத்தார் ‘நூல் விவரம்’ என்னும் தலைப்பில் தாளின் தன்மை, கிரவுன் அல்லது டெமி என்னும் அளவு, எழுத்தின் புள்ளி அளவு எனப் பட்டியலிட்டதும் இம்மரபின் தொடர்ச்சியே எனலாம்.

விவரத்தின் உயிர்நாடி முகப்புப் பக்கம். அதில் உள்ளதை உள்ளவாறே, எழுத்துப் பிழையையும் திருத்தாமல் படியெடுத்தல் வேண்டும். ‘இயற்றியது’, ‘பரிசோதித்தது’, ‘பார்வையிட்டது’, ‘பதிப்பித்தது’ என்பன வெவ்வேறு பணிகள். இவை அனைத்தையும் ‘ஆசிரியர்’ என்னும் ஒரு சொல்லுள் அடக்கினால் உரையாசிரியர் நூலாசிரியராகிவிடுவார். பொருளுதவி புரிந்தவர் புலவராகிவிடுவார். அச்சுக்கூடத்தின் பெயரும் தெருவின் பெயரும் விடுபடலாகாது. அவையே பிற நூல்களோடு இந்நூலை இணைக்கும் கண்ணிகள்.

ஆண்டு காணும் முறை

பழைய நூல்களில் பெருந்தடை ஆண்டுக் குறிப்பே. ‘தாது வருஷம்’ என்று மட்டும் அச்சிடப்பட்ட நூல் ஒன்று கிடைப்பதாகக் கொள்வோம். தமிழாண்டு அறுபதாண்டுச் சுழற்சி உடையது. எனவே அஃது 1816-17 ஆகலாம். பெரும்பஞ்சம் கண்ட 1876-77 ஆகலாம். 1936-37 அல்லது 1996-97உம் ஆகலாம். அறுபதாண்டுப் பிழை இலக்கிய வரலாற்றில் சிறு பிழையன்று. அஃது ஒரு கவிஞரை அவர்தம் பேரனின் காலத்தில் நிறுத்திவிடும்.

இத்தகைய நிலையில் நூலே சான்று கூறும். அச்சகங்களின் மீதிருந்த உரிமக் கட்டுப்பாடு 1835இல் தளர்ந்த பின்னரே தமிழர் நடத்திய அச்சுக்கூடங்கள் பெருகின. ஆதலின் 1816 என்னும் முடிவுக்கு வலுவான வேறு சான்று வேண்டும். 1812இல் திருக்குறள் மூலம் அச்சேறியிருப்பதால் அம்முடிவு இயலாததும் அன்று. விலை அணாவில் இருந்தால் நூல் 1957 ஏப்பிரலில் வந்த பதின்ம நாணய முறைக்கு முற்பட்டதாகலாம். நயா பைசாவில் இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் ‘சென்னை-1’ என்றிருந்தால் 1972இல் அஞ்சல் குறியீட்டு எண் வருவதற்கு முற்பட்டதாகலாம். ‘சென்னை-600 001’ என்றிருந்தால் பிற்பட்டது. ‘லை’, ‘னை’, ‘றா’, ‘னா’ முதலிய எழுத்துகளின் பழைய வடிவம் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வழக்கு. ஆயினும் அரசாணை வந்த மறுநாளே அச்சகங்கள் அனைத்தும் எழுத்தை மாற்றிவிடவில்லை. பழைய சரக்கின் மீது பழைய முகவரியும் நீடித்திருக்கும். ஒரு சான்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று சான்றுகள் ஒத்துவரும் இடத்தில் ஆண்டை உறுதி செய்தல் வேண்டும். நூலில் அச்சிடப்படாது, விவரிப்பவர் உய்த்துணர்ந்த ஆண்டைப் பகர அடைப்புக்குள் இடுதல் மரபு. அவ்வடைப்பு ‘இது கண்டதன்று, கருதியது’ என்று படிப்போர்க்குக் கூறும்.

பதிப்பு வேறுபாடும் நோக்கத்தக்கது. பாரதியின் கண்ணன் பாட்டைப் பரலி சு. நெல்லையப்பர் 1917இல் முதன்முதல் வெளியிட்டார். வ.வே.சு. ஐயரின் முன்னுரையோடு இரண்டாம் பதிப்பு 1919இல் வந்தது. முகப்பு கிழிந்த படி ஒன்றில் ஐயரின் முன்னுரை காணப்படுமாயின் அது முதற்பதிப்பு ஆகாது. ‘முதற்பதிப்பு’ என்னும் சொல் விலையை உயர்த்தும் சொல். ஆதலின் அச்சொல்லைக் கையாள்வோர்க்கு நாணயம் இன்றியமையாதது.

நூலின் புறப்பகுதிகள்

கவிஞர்கள் சிறப்பாக நோக்க வேண்டியது நூலின் முன்னும் பின்னும் உள்ள பக்கங்களை. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் சிறப்புப்பாயிரங்களும் சாற்றுகவிகளும் பல பக்கங்களை நிறைக்கும். ஊரும் பட்டமும் குறித்துப் பெயர் அச்சிடப்பட்ட அப்புலவர்களுட் பலர்க்கு நூலாக எதுவும் எஞ்சவில்லை. பிறர் நூலின் முகப்பில் பாடிய ஒரு வெண்பாவோ ஆசிரிய விருத்தமோ மட்டுமே அவர்கள் வாழ்ந்தமைக்குச் சான்று. மறுபதிப்பில் முதலில் நீக்கப்படுவன இப்பக்கங்கள். புத்தகத்தைக் கட்டுவோரும், கிழிந்தது என இவற்றையே களைவர். மறுபதிப்பு இருக்கின்றதே, பழம்பதிப்பு எதற்கு என வினவுவோர்க்கு இச்சாற்றுகவிகளே விடை.

பின்னட்டையின் நூல் விளம்பரங்களும் அத்தகையனவே. இன்று எந்நூலகத்திலும் காணப்படாத நூல் ஒன்று விலையோடும் விற்குமிடத்தோடும் அங்கே பெயரளவில் வாழ்ந்துகொண்டிருக்கும். உடையவரின் கையொப்பம், ஓரக்குறிப்பு, பரிசளிப்பு எழுத்து, பழைய கடை முத்திரை ஆகியவற்றை ‘அழுக்கு’ என எழுதுவது அறியாமை. ஓர் ஊரில் எந்நூலை எவர் படித்தார் என்பதை வேறெந்த ஆவணமும் இத்துணைத் தெளிவாகக் காட்டாது.

குறை கூறும் நேர்மை

விவரிப்பவர் குறையை மறைத்தலாகாது. ‘நல்ல நிலை’ என்னும் தொடர் எதையும் உணர்த்துவதன்று. பக்கம் 17 முதல் 24 வரை இல்லை, இராமபாணத் துளை பாடத்தைத் தொடவில்லை, பின்னட்டை பிற்காலத்தது, தாள் மடித்தால் ஒடியும் நிலையிலுள்ளது, இவ்வாறு எழுதுவதே விவரம். பக்க எண் தொடர்ச்சியாக இருந்தாலும் பாடல் எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

பழுது நீக்குதலிலும் இந்நேர்மை வேண்டும். இரும்பைத் தலவரலாறு கடுவெளிச் சித்தரின் சினத்தால் இலிங்கம் பிளவுற்றதையும், பிளவுகளை ஒன்றுசேர்த்துச் செப்புத் தகட்டால் கட்டி வழிபட்டதையும் கூறுகின்றது. பிளவு மறைக்கப்படவில்லை, கட்டும் மறைக்கப்படவில்லை, வழிபாடும் நிற்கவில்லை. கிழிந்த ஏட்டைச் செப்பனிடுவோர்க்கு இதனினும் நல்ல பாடம் வேண்டா. ஒளிபுகும் பசைநாடா ஒட்டி மறைப்பது சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கி எழுத்தையும் கெடுக்கும். மெல்லிய தாளும் மாவுப்பசையும் கொண்டு, வேண்டும்போது பிரிக்கத்தக்க வகையில் ஒட்டுவதே தக்கது. விடுபட்ட எழுத்தைப் பேனாவால் நிரப்புதல் கூடவே கூடாது.

மயிலத்துச் சிறுநூல்

இப்பகுதிக்கு உரிய சான்று ஒன்றைக் கூறுதல் தகும். திண்டிவனத்துக்கு அண்மையிலுள்ள மயிலம் முருகன்மீது 1926இல் ஒரு துதிநூல் வெளிவந்தது. பெயர் ‘மயிலம் ஸ்ரீ சுப்பிரமணியர் துதியமுது’. பாடியவர் பாரதிதாசன். 1938இல் வந்த ‘பாரதிதாசன் கவிதைகள்’ தொகுதியால் பகுத்தறிவுக் கவிஞராக நிலைபெற்ற அவரது முன்னைக் காலம் இச்சிறுநூலில் உள்ளது. பெருங்கவிஞர் ஒருவரின் மனம் எங்கே தொடங்கி எங்கே சென்றது என அறிய விழைவோர் இதனைக் காணாமல் மேற்செல்ல இயலாது. திருவிழாக் கடையில் பிற துதிநூல்களோடு கலந்து கிடந்திருக்கக்கூடிய சில பக்கங்கள் இவை. எவரோ ஒருவர் எறியாமல் வைத்திருந்தமையால் ஒரு கவிஞரின் வரலாறு முழுமை பெற்றது. எறிந்துவிட்டிருந்தால் இழப்பு நேர்ந்தது என்பதைக்கூட எவரும் அறிந்திருக்க மாட்டார்.

வட்டத்தின் முன்னுள்ள பணி

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் கவியரங்க அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள், உறுப்பினர்தம் சிறுநூல்கள் ஆகியன இன்று எளியவை. ரோஜா முத்தையா சேர்த்த அழைப்பிதழ்களும் அச்சான நாளில் எளியவையே. ஒவ்வொன்றிலும் இரண்டு படிகள் ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கப்படுதல் வேண்டும். ஒன்று ஊரிலும், மற்றொன்று ஆய்வு நூலகம் ஒன்றிலும் இருத்தல் நலம். கவிதை நூல் வெளியிடுவோர் ஆண்டு, பதிப்பு, அச்சகம், படிகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் அச்சிடாமல் விடலாகாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் உள்ள பழைய நூல்களில் பத்தையேனும் மேற்கூறிய முறையில் விவரித்து எழுதினால், இருபது பேரால் இருநூறு நூல்களின் பட்டியல் உருவாகும். விழுப்புரம் மாவட்டத்துக்கு அஃது ஒரு தொடக்கம்.

மின்வருடிய நூல்கள் இணையத்தில் கிடைக்கும் இக்காலத்தில் இம்முயற்சி எதற்கு என்னும் வினா எழலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதலியன ஆற்றும் பணி பெரிது. ஆயினும் மின்வருடுவதற்கும் ஒரு படி எஞ்சியிருத்தல் வேண்டும். அப்படி எங்குள்ளது என அறிவிப்பது விவரமே. பெயர் தெரியாத நூலை எந்தக் கருவியும் தேடித் தருவதில்லை.

நூலை எழுதுவோர் புலவர். அதனைக் காப்போர் வள்ளல். அது யாது, எந்த ஆண்டினது, எத்தனை பக்கம் எஞ்சியுள்ளது என உண்மையாக எழுதி வைப்போர் சான்றோர். இம்மூன்று பணிகளும் ஓரவையில் கூடுவது அரிது. கவிஞரும் ஆர்வலரும் ஒருங்கே அமர்ந்துள்ள இவ்வட்டத்துக்கு அது கைகூடும். வட்டம் பல்லாண்டு வளர்க. அதன் அலமாரியும் உடன் வளர்க.